எட்டாம் படி

எல்ஸ்பெத் இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தாள்,
ஒன்று கணவனுக்கு. அவன் வரவில்லை; நான் வந்தேன்.
பல் மருத்துவமனைச் சீருடையை மாற்ற நேரமில்லை.
கோட்டுக்குள் இன்னும் கிராம்பெண்ணெய் வாசம்.

டண்டீயில், சணல் ஆலையாக இருந்து
இப்போது எதுவாகவும் இல்லாத கட்டிடத்தின் மேல்மாடி.
அறுபது மடக்கு நாற்காலி, எழுபது பேர்.
முப்பத்தோரு வருடம் முன்பு
ஞாயிற்றுக்கிழமை இரவுகளில்
தெருக்களைத் துடைத்து வைத்தாற்போல் காலிசெய்த தொடர்.
அதன் கடைசிப் பகுதியைத் திரையில் போடுகிறார்கள்.
முடிந்ததும் நடிகர் பேசுவார்.
முர்டோ கில்கிறிஸ்ட். நேரில். தேநீர் உண்டு.

சின்னப் பெட்டிக்கென்று எடுத்த முகம்
சுவரளவு விரிந்ததில்
எனக்கு முதலில் தெரிந்தது பல்.
மேல்வரிசை, இடது பக்கம், ஓர் இடைவெளி.
அத்தனை பொய்யும் அந்த வழியாகத்தான்
வெளியே வந்திருக்கும் போல.
கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.
எல்ஸ்பெத் தொடையைக் கிள்ளினாள்:
"படத்தைப் பாருடி."

பாதியில் கழிப்பறைக்கு எழுந்து போனேன்.
நடைவழியில் காகிதக் கோப்பையோடு ஒரு கிழவர்,
வெப்பக்குழாயில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு.
"செத்துட்டேனா?" என்றார்.
கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன்.
"இன்னும் இல்லை. இப்போதான் படியேறுறீங்க."
"அப்ப பிஸ்கட்டுக்கு நேரமிருக்கு."
எனக்கும் ஒன்று நீட்டினார்.
உள்ளே துப்பாக்கி வெடித்தது.
அவர் இடது தோள் மட்டும் கொஞ்சம் துள்ளிற்று.
கண் பிஸ்கட்டிலேயே இருந்தது.
இப்போதிருக்கும் பற்கள் முழு செட்டு. நல்ல வேலை.

பேச்சு என்று அவர் எதுவும் பேசவில்லை.
கேளுங்கள் என்றார், கேட்டார்கள்.
அந்தச் சாம்பல்நிறக் கோட்டு?
"என் சொந்தக் கோட்டு. ஓட்டை போட்டாங்க.
நாற்பது பவுண்டு தர்றதாச் சொன்னாங்க.
தபால்காரரை இன்னும் பார்த்துக்கிட்டிருக்கேன்."
நான்காம் பகுதியில் தங்கையை ஏன் ஏமாற்றினீர்கள்?
"எழுதிக் கொடுத்தாங்கம்மா, சொன்னேன்."
கேட்டவளுக்குத் திருப்தியில்லை.
கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்,
அவள்தான் அந்தத் தங்கை என்பதுபோல.

அப்புறம் பின்வரிசையில் ஒருவர்,
ஆர்புரோத் மீன்கிடங்கின் பெயர் போட்ட ஜாக்கெட்.
கேள்வி இல்லை, என்று எழுந்தார்.
"அப்பா அந்த வாரம் புதன்கிழமை போனார்.
வீட்டில் யாரும் அழலை. அவர் அப்படிப்பட்ட ஆள்.
ஞாயிற்றுக்கிழமை நீங்க எட்டாம் படியில விழுந்தீங்க.
அண்ணன் தம்பி நாலு பேரும் தேம்பித் தேம்பி அழுதோம்.
அம்மா டிவியை அணைச்சிட்டு
வெட்கமாயில்லையான்னு கேட்டாங்க.
அவ்வளவுதான்."
உட்கார்ந்துவிட்டார்.

மைக் தனியாக இரைந்தது.
கில்கிறிஸ்ட் கண்ணாடியைக் கழற்றினார்,
துடைக்காமலே மறுபடி மாட்டினார்.
நடிக்கிறாரா என்று பார்த்தேன்.
எங்கள் தொழிலில் கண்ணை நம்புவதில்லை, வாயைத்தான்.
உள்ளே நாக்கு
பல்செட்டைத் தள்ளித் தள்ளிச் சரிசெய்துகொண்டிருந்தது,
இடம் கிடைக்காமல்.
"முகவரி மாறி எங்கிட்ட வந்திருக்கு," என்றார்.
"திருப்பி எடுத்துக்கங்கன்னு சொல்லணும்.
மனசு வரலை."

பத்தேகால் பேருந்து.
மழை என்று சொல்லமுடியாத ஓர் ஈரம்
ஆற்றிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது.
நிறுத்தத்தில் எங்களில் பத்துப் பன்னிரண்டு பேர்.
அவரும்.
ஓட்டுநர் சின்னப் பையன்;
முதியோர் அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை.
கீழே இடம் இருந்தது. இருந்தும் அவர்
மாடிப்படியில் காலை வைத்தார்,
கம்பியைப் பிடித்து, ஒவ்வொன்றாக.

பேச்சு நின்றுவிட்டது.
எல்ஸ்பெத்தின் உதடுகள் எண்ணின. என்னுடையதும்.
ஐந்து. ஆறு.
ஏழில் நின்றார், மூச்சு வாங்க.
ஜாக்கெட்காரர் இருக்கையைவிட்டுப் பாதி எழுந்திருந்தார்,
இரண்டு கையும் முன்னால் நீண்டிருக்க.

வண்டி குலுங்கிப் புறப்பட்டது.
தலைக்கு நேர் மேலே
ஏதோ ஓர் இருக்கை கிரீச்சென்றது.

யாரோ சொன்னார்கள்,
அந்த ஜன்னலை மூடுங்க, குளிருது.