நூற்றைந்தில்

தொண்ணூறில் ஒன்றுமில்லை.
தொண்ணூற்றெட்டில் ஸ்டீயரிங் தொண்டையைச் செருமும்.
நூற்றைந்தில் பேச ஆரம்பித்துவிடும்.
நூற்றிருபதைத் தாண்டினால்
தான் வாயே திறக்காத மாதிரி இருக்கும்.

நொல்பெர்த்தோ சுரங்க முகாம்களுக்கு
ரத்தம் எடுக்கப் போகிறவர்.
கலாமாவில் கிளம்பி சியெர்ரா கோர்தாவைத் தாண்டி
வளைவு என்றால் என்னவென்று தெரியாத சாலை.
அதில் நூற்றைந்துதான் அவருடைய வேகம்.
இறங்கி ஒரு மணி நேரம் கழித்தும்
விரலுக்குள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும் என்றார்.

முதல் முறை, டயர் என்றேன்.
நான்கையும் கழற்றிச் சுற்றவிட்டேன்.
இங்கே ஐந்து கிராம் ஈயம், அங்கே பத்து.
திரையில் பூஜ்யம், பூஜ்யம்.
பன்னிரண்டாயிரம் பெசோ.
இரண்டாம் முறையும் டயர் என்றேன்,
வேறு டயர்.
மூன்றாம் முறை சாலை என்றேன்.
பாலைவனம் எதிர்த்துப் பேசவில்லை.

நான்காம் முறை அவர் வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை.
ஊசியை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டாராம்.
அந்தோஃபகஸ்தாவில் நரம்பு டாக்டர்
மாத்திரை எழுதியிருக்கிறாராம்.
"வண்டியை விற்கணும். வாங்குகிறவன் ஓட்டிப் பார்ப்பானே,
அதற்காகத்தான் வந்தேன்."

பிரேக் மிதித்தால் அதிகமாகிறதா? இல்லை.
அப்படியென்றால் வட்டு கோணவில்லை.
கோணிய வட்டு, கால் கேட்டால்தான் பதில் சொல்லும்.
நியூட்ரலில் விட்டால்? அதே நடுக்கம்.
எஞ்சினை விட்டுவிடலாம்.
சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று.

முழங்கால் உயரத்துக்கு லிஃப்டில் ஏற்றி
முன்சக்கரம் இரண்டையும் கழற்றினேன்.
நட்டுகளைத் திருப்பிப் போட்டு
பிரேக் வட்டை மட்டும் ஹப்போடு இறுக்கினேன்.
டேஷ்போர்டில் ஒரு தம்ளர் தண்ணீர்.
யெர்கோ உள்ளே உட்கார்ந்து நான்காம் கியர் போட்டான்.

டயர் இல்லை. ரிம் இல்லை.
சாலையும் இல்லை.
நூற்றைந்தில்
தண்ணீர் வளையம் வளையமாகச் சிலிர்த்தது.

இடது வட்டைக் கழற்றிவிட்டு
மறுபடி நூற்றைந்து.
தண்ணீர் தூங்கியது.

கழற்றிய வட்டை வழவழப்பான குழாயில் தொங்கவிட்டேன்.
தாழ்ந்த இடத்தில் சாக்பீஸ் கோடு.
கோட்டை மேலே வைத்துக் கையை எடுத்தால்
யோசித்து, யோசித்து, கீழே வந்து நின்றது.
பக்கவாட்டில் வைத்தேன். கீழே வந்தது.
ஏழு முறை.
யெர்கோ நம்பாமல் எட்டாவது முறை வைத்தான்.

இரண்டு தகட்டுக்கும் நடுவே காற்றுப் பாதை.
ஒரு பக்கம் என் சுண்டுவிரல் போகிறது,
எதிர்ப்பக்கம் நகம் மட்டும்.
வார்க்கும்போதே உள்கரு நகர்ந்திருக்கிறது.
ஒழுங்கான ஆலை என்றால் விளிம்பில் கொஞ்சம் கடித்து
கனத்தைக் குறைத்திருக்கும்.
இதில் பல் பட்ட தடமே இல்லை.
மலிவு வட்டு. யார் மாட்டியது?

பில் புத்தகம் தேவைப்படவில்லை.
வட்டின் உட்புறத்தில் வெள்ளைப் பெயிண்டால்
தேதி எழுதுகிறவள் இந்த ஊரில் ஒருத்திதான்.
மார்ச் பதினொன்று.
ஏழுக்கு நடுவில் கோடு போடுவதுபோல்
ஒன்றுக்கும் போடுவேன், கெட்ட பழக்கம்.

பத்து மாதம் டயரைத் திட்டியிருக்கிறேன்.

அவரிடம் சொன்னேன்.
கத்தியிருந்தால் தேவலை.
"நாற்பது மாத்திரை இருக்கும்" என்றார்,
சில்லறை எண்ணுகிற குரலில்.
மூன்று முறை வாங்கிய பணத்தைக் கொடுத்தேன்.
எண்ணாமல் சட்டைப்பையில் வைத்தார்.

இரண்டு பக்கமும் புது வட்டு.
மாட்டுமுன் குழாயில் தொங்கவிட்டுப் பார்த்தேன்,
விட்ட இடத்தில் நின்றது.

ஊரைத் தாண்டிப் போனோம், நான் பக்கத்து இருக்கையில்.
தொண்ணூறு.
தொண்ணூற்றெட்டு.
நூற்றைந்தில் ஒரு சத்தமும் இல்லை,
காற்றுதான் கதவு விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
நூற்றைந்திலேயே நெடுநேரம் வைத்திருந்தார்.

பிறகு வலது கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்தார்.
கண்ணாடிக்கு நேரே நீட்டி
விரல்களை விரித்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் சாலையைப் பார்த்தேன்.