பிடங்கு

இருபத்தொரு வருடம்
எனக்கு ஒரு துப்பாக்கி விற்க
இந்த நாட்டுச் சட்டத்தில் இடமிருக்கவில்லை.
விலக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில்
இருந்தது என் பழைய கடவுச்சீட்டு.
சிவப்புக் கடவுச்சீட்டு வந்து ஒன்பதாம் நாள்
தூன் நகரில், பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில்,
கூடைப்பந்து வளையத்துக்கு நேர்கீழே
முதலாவதை வாங்கினேன்.

இது நாலாவது.
நாற்பத்து மூன்றாம் ஆண்டுக் குட்டை ரைஃபிள்,
நூற்றி எண்பது பிராங்க்.
ஒப்பந்தத்தைப் பத்து வருடம் பத்திரமாக வை என்றார் விற்றவர்.
என் பெயரை எழுத அவருக்கு இரண்டு வரி பிடித்தது.
"நல்ல சாமான். போர்க்காலத்தில் பிறந்தது,
போர் பார்க்காதது."
அதற்காகத்தான் வாங்குகிறேன் என்று
நான் அவருக்குச் சொல்லவில்லை.

வதனிக்கு ஒரே நிபந்தனை,
சாமி அறைக்குள் வரக்கூடாது.
போல்ட்டைக் கழற்றி வேறிடத்தில் வைப்பது இங்கே வழக்கம்.
எங்கள் வீட்டில் நாலும்
பழைய காலுறைகளுக்குள்,
அரிசி வாளிக்குப் பின்னால்.
சோற்றில் கிரீஸ் மணக்கிறது என்பாள் சில ஞாயிறுகளில்.

மற்றவர்கள் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள்.
இலக்கங்கள் ஒத்துப்போகின்றனவா,
வால்நட்டா பீச் மரமா என்று விரலால் தட்டுவார்கள்.
நான் கையில் வாங்கியதும் திருப்பிப் பிடிப்பேன்.

வாயை என் கண் அறியும்,
கோப்பாய்ச் சந்தியில், பத்து வயதிலிருந்து.
பிடங்கை என் முதுகு அறியும்.
முதுகுக்கு வாசிக்கத் தெரியாது.

இதன் பிடங்கில் அடிமரம் சிதைந்திருக்கிறது.
பனியில் ஊன்றி ஊன்றி,
சப்பாத்து ஆணிகள் இடித்து இடித்து.
இரும்புத் தகடு. இரண்டு திருகாணி.
தகட்டுக்குக் கீழே சிப்பாய்
தன் பெயரை மடித்து வைத்திருப்பான்.
எப்போதும் இல்லை.
முதலாவதில் ஒன்றும் இருக்கவில்லை.
இரண்டாவதில் தாள் இருந்தது, எழுத்து போயிருந்தது.
மூன்றாவதில் யாரோ குடித்த சிகரெட்டின் பெட்டி மட்டை.

இதில்:
அர்னோல்ட் ட்ரும்மர்.
மலைக் காலாட்படை.
ஃப்ருட்டிகன்.

அந்த ஊரில் பதினொரு ட்ரும்மர் இருந்தார்கள்.
ஆறாவது அழைப்பில் வ்ரேனி.
"அது என் அப்பா" என்றார்.
பின்னால் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.
"இன்னும் இடப்பக்கம் இழுக்கிறதா?"

சுட்டதில்லை என்றேன். நாலில் ஒன்றையும்.

"பிறகு எதற்கு?"

பேர்ன் மொழியில் எனக்கு அதற்குச் சொல் வரவில்லை.
தமிழிலும் தேடிப் பார்த்தேன்,
ரிசீவரைக் காதில் வைத்தபடி.
பதிலுக்கு நான் கேட்டது:
"உங்கள் அப்பா இதால் யாரையும்..."

"எல்லையில் நின்றார். பனி வந்தது.
வேறு யாரும் வரவில்லை."
கொதித்ததை இறக்கி வைக்கும் சத்தம்.
"ஒரு மாடு. ஐம்பத்தாறில்.
சரிவில் விழுந்து முதுகு முறிந்து கிடந்தது.
அப்பா இரண்டு தரம் சுட வேண்டியதாயிற்று.
இடப்பக்கம் இழுக்கும் என்பது
எனக்கு அப்படித்தான் தெரியும்."

மாடு கணக்கில் வருமா என்று வதனியைக் கேட்டேன்.
வெங்காயத்திலிருந்து முகம் எடுக்காமல் சொன்னாள்:
"ஆரைக் கேக்கிறியள்,
என்னையோ மாட்டையோ?"

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தேன்.
தகட்டை வைத்தேன்.
முதல் திருகாணி இறுகிற்று.
இரண்டாவது பாதியில் நிற்க, தொலைபேசி.

"கெம்ஷி" என்றார் வ்ரேனி, வணக்கம் கூடச் சொல்லாமல்.
"அதன் பெயர். மாட்டின் பெயர்.
சொல்ல மறந்துவிட்டேன்."

பென்சில் தேடினேன்.
மகளின் பெட்டியில் ஊதா நிறத்தில் ஒன்று கிடைத்தது.
இரண்டு திருகாணிகளையும் திரும்பக் கழற்றினேன்.