சில்லறை

வால்திவியாவில் ஆறாவது நாளாக மழை.
மீன்சந்தைப் படியில் கடற்சிங்கங்கள் ஏப்பம் விடுவது
ஜன்னல்வரை கேட்கிறது.

ஒடேத் ஒரு கிராஃபிக்ஸ் கார்டைக் கூடையில் போட்டாள்.
லினக்ஸோடு அது முகம்கொடுத்துப் பேசாதாம்.
எடுத்துவிட்டாள்.
புது பிராசஸர் என்றால் போர்டும் புதிது,
போர்டு புதிதென்றால் ராமும் வேறு.
பொத்தான் வாங்கப்போய்
சட்டை தைத்துக்கொண்டு வருவதா?

மூடியைக் கழற்றி ஊதினாள்.
பூனைமுடி.
பூனை போய் நாலு வருஷம்.

நெட் வந்து திருத்தும்வரை
ஒவ்வொரு காலையும் இதற்கு
இரண்டாயிரத்துப் பத்து, ஜனவரி ஒன்று.
போதை தெளியாதவனிடம் கிழமை கேட்டதுபோல.

கடைசியில் வாங்கியது
ஒரு எஸ்எஸ்டி, காசளவு பேட்டரி ஒன்று.

செத்த பேட்டரி சட்டைப்பையில் கிடந்தது.
ரொட்டிக்கடையில் சில்லறையோடு சில்லறையாக
அதையும் நீட்டிவிட்டாள்.
தோன் அனிபால் எண்ணிப் பார்க்கவில்லை.
கல்லாவில் போட்டுவிட்டு
மழையைத் திட்டினார்.