மாறிலி எங்கும் போகாது

அபிஷேகப்பட்டியில் மே மாதம்.
ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை.
முப்பத்தேழாவது கட்டில் ஒரு தாள்.
டம்மி நம்பர் நாலு ஒன்று ஒன்று ஏழு சுழியம்.
பேர் கிடையாது, ஊர் கிடையாது,
ஆணா பெண்ணா, அதுவும் தெரியாது.

கேள்வி பதினெட்டு, பத்து மார்க்.
குவாண்டம் இயக்கவியல் எந்த எல்லையில்
பழைய இயக்கவியலாகிறது? கணிதமாய்க் காட்டுக.
விடைக்குறிப்பின் முதல் வரி:
ஹெச் பார் சுழியத்தை நோக்கிப் போகட்டும். இரண்டு மார்க்.
முந்நூறு பிள்ளைகள் போக விட்டிருந்தார்கள்,
டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கைகாட்டுவது போல.

இந்தத் தாள் ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்து
சட்டென்று தமிழில் இறங்கி நின்றது:
"ஹெச் பார் ஒரு மாறிலி. அது எங்கும் போகாது.
நாம்தான் பெரிதாகிறோம்."

சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

"இலையை நனைத்து வெட்டினால் பீடி.
நனைக்காமல் வெட்டினால் நொறுங்கும்,
அப்புறம் நனைத்து என்ன.
முன்னது பின்னதானால் வித்தியாசம் உண்டு.
இடமும் உந்தமும் அப்படித்தான்.
வித்தியாசம் மிகச் சிறிது.
ஆனால் அதை ஐ ஹெச் பாரால் வகுத்தால்
மிஞ்சுவது சிறிதல்ல, பாய்சான் அடைப்பு.
பழைய இயக்கவியல் முழுதும் அதற்குள்ளே ஓடுகிறது.

"மடியிலிருந்து ஒரு பீடி தரையில் விழ எத்தனை வழி?
எல்லா வழியும்.
பொத்தையைச் சுற்றிக்கொண்டு வரும் வழியும்.
வழிக்கொரு முள், கடிகார முள் போல.
செயலை ஹெச் பாரால் வகுத்த அளவுக்கு அது சுற்றும்;
இந்தப் பீடிக்கே ஒன்றுக்குப் பின்னால் முப்பது சுழியம்.
பக்கத்து வழிகளின் முட்கள்
பங்காளிகள் போல ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன.
செயல் ஏறாமல் இறங்காமல் நிற்கும் இடத்தில் மட்டும்
அக்கம்பக்கம் ஒரே திசையைக் காட்டுகிறது.
அதைத்தான் விழுந்தது என்கிறோம்."

கூட்டிப் பார்த்தேன். நாற்பத்தெட்டு.
மற்றக் கேள்விகளில் பாதி வெற்றுத் தாள்.
தேற ஐம்பது வேண்டும்.
அரை மார்க் கிடையாது இங்கே,
எல்லாம் முழு எண், தாவினால்தான் உண்டு.
முதல் வரிக்கான இரண்டைப் போட்டுக்
கொண்டுபோய் நீட்டினேன்.

ஸ்தனிஸ்லாஸ் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ஹெச் பார் சுழியம்னு எங்க போட்டிருக்கு?"
"போடல சார். போகாதுன்னு போட்டிருக்கு."
"பீடி சிலபஸ்ல இல்லியேம்மா."
"விழுறது இருக்கு சார்."

வடை வந்தது. சார் தொடவில்லை.
வரிக்குக் கீழே விரலை ஓட்டி
ஒருமுறை படித்தார், இன்னொரு முறை.
"முப்பது வருஷமா நானுந்தான் போக விட்டுட்டேன்"
என்று ஃபேனிடம் சொல்வது போலச் சொல்லி
பச்சை மையில் சுருக்கொப்பம் வைத்தார்.

சாயங்காலம் ஆலங்குளம் பஸ்.
கத்தரியும் இலைக்கட்டும் மடியில் வைத்து
ஜன்னலோரம் ஒருத்தி தூங்கி வழிந்தாள்.
அவள் மகளோ, மகனோ, அவளேயோ,
அல்லது யாருமில்லையோ.
எழுப்பிக் கேட்கவில்லை.

கண்டக்டர் மீதி ஒரு ரூபாய் தரவில்லை.
சிறிதுதான்.
எதால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.