கூ-14

கூத்தன்குழி என்பதால் 'கூ'.
பதினாலாவதாகப் பார்த்ததால் பதினாலு.
முதுகுத் துடுப்பின் பின்விளிம்பில் இரண்டு வெட்டு,
நடத்துநர் அவசரத்தில் கிழித்த டிக்கெட் மாதிரி.
அதை வைத்துத்தான் அடையாளம்.
முகம் யாரும் பார்த்ததில்லை.

மூன்று வருஷத்தில் நூற்றுப்பத்து நாள் கடல்.
வள்ளத்துக்கு வாடகை, டீசலுக்கு ரசீது,
பெர்க்மான்ஸ் அண்ணனுக்கு நாள்கூலி.
வாந்தி மாத்திரை மட்டும் என் சொந்தச் செலவு.
உவரிக்கும் கூட்டப்புளிக்கும் நடுவில்
கரையை ஒட்டியே போய்வரும் கூனல் ஓங்கில்கள்
இருபத்தி மூன்று.
ஆழத்துக்குப் பிழைக்கப் போகத் தெரியாது அதுகளுக்கு.
கரை கெட்டாலும் கெட்ட கரைதான்.

கெட்டுத்தான் கிடக்கிறது.
தூண்டில் வளைவுக்குக் கொட்டிய கல்லுக்கு மேற்கே
மணல் ஏறுகிறது; கிழக்கே
ஜெனோவா அக்கா அடுப்படியில் அலை.
மீன் சினைக்கு ஒதுங்கிய பாரின்மேல் சேறு.
கலங்கல் தண்ணீரில் கண் எதற்கு,
காதால் பார்க்கும் அதுகள்.
தங்கூசி வலைக்குச் சத்தமே கிடையாது.

பாளையங்கோட்டையில் கணினி கேட்கும்:
எத்தனை தாய்?
எத்தனை வருஷத்துக்கு ஒரு குட்டி?
வருஷத்துக்கு எத்தனை சாவு?
ஒன்று என்று கொடுத்தால்
கோடு நூறு வருஷம் தள்ளாடித் தள்ளாடிப் போகிறது.
இரண்டு என்றால்
நாற்பதாவது வருஷம் தரையைத் தொடுகிறது.
ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தேன்.
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்
ஒரு வலை.

ஐப்பசியில், விடிய நேரமிருக்க, போன்:
"பிள்ள, ஓங்கில் ஒண்ணு வலையில பட்டுட்டு.
செத்துட்டு.
ஆபீசுக்குச் சொன்னா கேசு.
சொல்லாம விட்டா
ஒனக்குக் கணக்கு தப்பும்லா?"

திசையன்விளைக்கு முதல் பஸ். அங்கிருந்து ஆட்டோ.
அண்ணன் தார்ப்பாயை விலக்கினார்.
இரண்டு வெட்டு.
அன்றைக்குத்தான் முகம் பார்த்தேன்.
அளந்தேன்: இரண்டு மீட்டர் முப்பத்தி நாலு.
வயிற்றுப் பிளவை அழுத்தினால்
வெள்ளையாக ஊறியது.

"குட்டி?"
"வள்ளத்துப் பின்னாலயே வந்துச்சு,
கல்லு வரைக்கும்.
பெறவு காங்கல."

வலையை அறுத்துக் குவித்திருந்தார்.
சங்கக் கடனில் எட்டுத் தவணை பாக்கி அதற்கு.
நான் நன்றி சொல்லவில்லை.
அவரும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை;
ஊசியால் பெருவிரல் முள்ளைத் தோண்டிக்கொண்டிருந்தார்.
படிவத்தில் 'தகவல் தந்தவர்' என்று ஒரு கட்டம்.
கடல் என்று எழுதினேன்.
மேலிடத்தில் இன்னும் அதைப் பற்றிக் கேட்கிறார்கள்.

நேற்றுப் பெருமணல் பக்கம்
சின்னத் துடுப்பு ஒன்று எழுந்தது, தனியாக.
ஒரு கீறல் இல்லை, வழுவழுவென்று.
படம் தெளிவாக விழுந்தது. ஆனால்
வெட்டு இல்லாததற்கு எண் கொடுக்க விதி இல்லை.
எதிலாவது மாட்டி,
அறுத்துக்கொண்டு,
தப்பி வந்து காட்டினால்தான்
அது இன்னார் என்று
என்னால் எழுத முடியும்.