கையுறையில் ஒரு பொட்டு

இறம்பொடை வளைவுக்கு மேலே
போன மழையில் சரிந்த மேட்டுக்கு
ஆணி அடிக்கிற வேலை.
பன்னிரண்டு மீற்றர் இரும்பாணி.
நாட்சம்பளத்துக்கு மலையைத் தைத்துக்கொண்டிருந்தோம்.

காலை பத்து இருக்கும். பனி விலகவில்லை.
துளைபோடும் மெஷினின் கறுத்த ஹோஸில்
எங்கோ எண்ணெய் கசிகிறது.
பனியும் எண்ணெய்ப் புகையும் ஒரே நிறம்.
"நிப்பாட்டவா?" என்றேன்.
லிவரில் என் கை.
"வேணாம், ஓடட்டும். ஓடினாத்தான் தெரியும்"
என்றான் சத்தியவேல்.
கேஜில் முள் இருநூறில் நின்றது.

சினைமாட்டின் வயிற்றைப் பார்ப்பவன்போல
ஹோஸைத் தடவிக்கொண்டே போனான்.
மூன்றாவது மடிப்பில் கையை உதறினான்.

"என்னடா?"
"ஒண்ணுமில்ல. எறும்பு கடிச்ச மாதிரி."

கையுறையைக் கழற்றினோம்.
ஆட்காட்டி விரல் நுனியில் ஒரு பொட்டு.
அட்டை கடித்தால்கூட
சாயங்காலம்வரை காற்சட்டை நனையும்;
இதில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை.
போர்மன் பிரியலால் பிளாஸ்டர் ஒட்டினார்,
தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.
கெட்ட மனிதர் இல்லை.
இரத்தம் வந்தால்தான் காயம் என்று
எங்களைப்போலவே நம்பியிருந்தார்.

பதினொன்றுக்கு விரல் வெளுத்தது.
ரொட்டியைப் பிய்க்க முடியவில்லை,
நான் பிய்த்துக் கொடுத்தேன்.
மூன்று மணிக்குக் கையுறை ஏறவில்லை.

நுவரெலியாவில் பார்த்துவிட்டுக் கண்டிக்கு அனுப்பினார்கள்.
தூக்கமில்லாத ஒரு சின்ன டொக்டர்
"எத்தனை மணிக்கு?" என்றாள்.
"பத்துக்கு."
சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். இரவு எட்டு.
அதற்குப்பிறகு எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

தோலில் ஊசித்துளை.
உள்ளே முழங்கைவரை எண்ணெய் ஏறியிருந்தது,
மலைக்குள் நாங்கள் செலுத்தும் சிமெந்துப்பால்
வெடிப்பு வெடிப்பாகத் தேடிப்போகுமே,
அப்படி.

இரண்டு விரல் போயிற்று.
மிச்சம் மடங்காது.

விபத்துப் புத்தகத்தில் சிங்களத்தில் ஒரு வரி:
சிறு காயம், முதலுதவி செய்தாயிற்று.
சாட்சிக்கு என் கையெழுத்து.
அந்தப் பக்கத்தில் அது மட்டும்தான் தமிழ்.

லிவரைக் கீழே தள்ளினால்
நாலு விநாடியில் முள் பூச்சியத்துக்கு வரும்.
பிறகு எண்ணிப் பார்த்தேன். பல தடவை.

இப்போது கசிவைத் தேட
பிஸ்கட் பெட்டி மட்டை வைத்திருக்கிறேன்.
சத்தமே இல்லாமல் அதில் துளை விழும்.
ஒரு துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
போன கிழமை அவனுடைய லயத்துக்குப் போனேன்.
வெளியே எடுக்கவில்லை.

இடக்கையால் கோப்பையை நீட்டினான்.
கொஞ்சம் சிந்தியது.
"மேடு நிக்குதா?" என்று கேட்டான்.

நிக்குது என்றேன்.