துண்டு

ஒட்டுசுட்டானில் ஐந்தரை பஸ்.
மாங்குளம் ஆசுப்பத்திரியில் நம்பர் எண்பத்தொன்று.
முதுகு சாய்க்க வாங்கில் இடமில்லை.
இருந்தாலும் என் முதுகு சாயாது.

ஒன்பது வருசம் மிதிவெடி கிண்டினவள் நான்.
முகமாலை மணலில் முழங்கால் ஊன்றி,
முகக்கண்ணாடிக்குள் வேர்த்து,
ஒரு சாண் நிலத்தை
ஒரு மணித்தியாலம் சுரண்டிச் சுரண்டி.
குனிவது பழகிவிட்டது.
நிமிர்வதுதான் மறந்துபோனது.

டொக்டர் நல்ல பிள்ளை. கண் சிவந்திருந்தது,
எனக்குப் பின்னாலும் அறுபது பேர்.
"எவ்வளவு காலமாய்?"
"பதினெட்டாம் ஆண்டிலையிருந்து."
பனடோல் எழுதினார், பூசுகிற மருந்தும்.
"இதுக்குக் குறையாட்டி அடுத்த மாசம் வாங்கோ,
பிசியோவுக்குத் துண்டு தாறன்."

பிசியோ அறை பத்து எட்டில் இருக்கிறது.
கதவு திறந்தபடி.
நீலப் பந்து, பிடித்து நடக்க இரண்டு கம்பி,
சுவரில் தோலுரித்த மனிதனின் படம்.
அனோஜிதா மிஸ் பேனையை மூடுவதும் திறப்பதுமாய்
வெறுங்கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"மிஸ், இடுப்பு..."
"துண்டு இருக்கோ அக்கா?"

இருக்கு மிஸ். இடது தொடையில்.
பத்தொன்பது வயதில் வந்தது, மாத்தளன் பக்கம்.
எவரும் எழுதித் தரவில்லை.
என்னிடம் வந்து சேர
அது ஒருவருடைய கையெழுத்தையும் கேட்கவில்லை.

சிரிக்கத்தான் சொன்னேன்.
மிஸ் சிரிக்கவில்லை.

பக்கத்தில் கோணேசலிங்கம் அண்ணை,
தோள் இறுகி நாலு மாசம்,
சேட்டுப் போட மனிசி வேண்டும்.
அவருக்குத் துண்டு கிடைத்தது, கிடைத்த அன்று மழை.
மை கரைந்த கடதாசியைக்
காயவைத்துக் கொண்டுவந்திருந்தார்.
திகதி தெரியாதாம்.
முதலிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள்.

நேர்ஸ் சொன்னா:
"உள்ளுக்குள்ளை எலும்பு வெடிச்சிருந்தால்?
கட்டி கிட்டி எண்டால்? ஆர் பொறுப்பு?"
நியாயம்தான். நானும் யோசித்தேன்,
நம்பர் நாற்பதிலிருந்து எண்பதுவரை.

எங்கள் வயலில் ஆளுக்கொரு பாதை, ஒரு மீற்றர் அகலம்.
கருவி கத்தினால்
கத்தலாமோ என்று கேட்கப் பெரியவரிடம் ஓடுவதில்லை.
கத்தின இடத்தில் கைதான் முதலில் பேசும்.
தெரியாத சாமான் என்றால்
சிவப்புத் தடியை ஊன்றிவிட்டுப் பின்னால் வருவோம்,
விசில் ஊதுவோம், அவர் வருவார்.
எதைத் தொடக்கூடாதென்று தெரிந்ததால்தான்
நிலத்தை எங்களிடம் விட்டார்கள்.
நாலு வருசம் எலும்பும் தசையும் படித்தவவுக்கு
ஒரு சிவப்புத் தடி ஊன்றத் தெரியாதா?

இதை நான் எவருக்கும் சொல்லவில்லை.
வாங்கில் இருந்து என்ன சொல்வது.

பதினொன்றரை இருக்கும்.
மிஸ் எழும்பி வாசல்நிலைக்கு வந்தா.
"எனக்கும் இடுப்புத்தான் நோகுது,
சும்மா இருந்து இருந்து"
என்று எவரையும் பார்க்காமல் சொன்னா.
இரண்டு கையையும் இடுப்பில் வைத்தா,
முழங்கால் மடியாமல் மெல்லப் பின்னுக்கு வளைந்தா.
"ஒண்டு" என்றா, சத்தமாய்.

நான் எழும்பினேன்.
எண்பத்திரண்டு எழும்பியது, எண்பத்தாறும்.
கோணேசலிங்கம் அண்ணை
தோளுக்கென்ன இடுப்புக்கென்ன என்று அவரும்.
"கால் விறைச்சால் நிப்பாட்டோணும்"
மிஸ் சுவருக்குச் சொன்னா,
"அப்பிடி எண்டால் நேரே டொக்டரட்டை."
அற்றென்டன் றொலியோடு வந்தார்,
பார்த்தார்,
றொலியைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஆறாவது தரம்
கூரையில் குளவிக்கூடு இருப்பதைக் கண்டேன்.
எத்தனை தரம் வந்திருப்பேன் இந்த ஆசுப்பத்திரிக்கு.

சுகமென்று பொய் சொல்லமாட்டேன்.
ஒலுமடு தாண்டமுன்னம் திரும்ப நொந்தது.
பையில் பனடோல், அடுத்த மாதத் திகதி.
சீற் வெறுமையாய்க் கிடந்தும் நான் இருக்கவில்லை,
கம்பியில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை.
ஏழு என்றபோது பஸ் குழியில் விழுந்தது.

திரும்ப, ஒண்டு.